களை பறிக்கும் மாதத்துப் பசி

2024ஆம் ஆண்டு புனித வாரத்தில் ஒரு மாலை, நம் பங்கின் இளைஞர் கூட்டத்தில் ஒரு செய்தியை வாசித்துக் காட்டினோம். ஆப்பிரிக்காவின் தென்கிழக்கே உள்ள மலாவி நாட்டில் மழை பொய்த்துப் பயிர் கருகிவிட்டது. அந்நாட்டின் 28 மாவட்டங்களில் 23 மாவட்டங்களைப் பேரிடருக்கு உள்ளானவையாக அரசு அறிவித்துள்ளது என்பதே அச்செய்தி. வாசித்து முடித்ததும் இளைஞர் ஒருவர் எழுந்தார். உழவர் வீட்டுப் பிள்ளை. வேளாண் கல்லூரியில் பயில்பவர். "சாமி, நிலமும் அவர்களுடையது, பயிரிடுபவர்களும் அவர்களே. அப்படியிருந்தும் திரும்பத் திரும்பப் பட்டினி என்றால், அவர்கள் சரியாக உழைப்பதில்லை என்றுதானே பொருள்?" என்று கேட்டார்.

அவர் கேள்வியில் ஏளனம் இல்லை. அறிய விரும்பியே கேட்டார். ஆயினும் நாம் சற்று நேரம் வாய் திறவாமல் நின்றுவிட்டோம். அதே ஐயம் ஒரு காலத்தில் நம் உள்ளத்திலும் இருந்தது. அந்த ஐயத்தோடு நாம் செய்த ஒரு காரியம் இன்றளவும் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. அன்று அவருக்குச் சுருக்கமாகவே விடையளித்தோம். விரிவான விடையை இங்கே எழுதுகிறோம்.

குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில், முப்பதாவது வயதில், 2001ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நாம் மலாவிக்கு அனுப்பப்பட்டோம். நாட்டின் தெற்கே, முலாஞ்சே மலையின் அடிவாரத்தை அடுத்து நமது பணித்தளம். மலைச்சரிவை ஒட்டிப் பரந்த தேயிலைத் தோட்டங்கள். அவற்றுக்கு அப்பால் செம்மண்ணில் சிறுசிறு மக்காச்சோள வயல்கள். ஒரு குடும்பத்துக்கு ஓர் ஏக்கர். மிஞ்சினால் இரண்டு ஏக்கர். ஏர் இல்லை, உழவு மாடு இல்லை. மண்வெட்டி ஒன்றே கருவி. நிலம் தாயிடமிருந்து மகளுக்குச் செல்வது அப்பகுதி மக்களின் வழக்கம். மணமகன் மனைவியின் ஊருக்கு வந்து குடியேறி, அவள் வீட்டு நிலத்தில் பாடுபடுவான்.

மக்காச்சோள மாவைக் கொதிநீரில் இட்டுக் கிளறிய களியே அவர்களின் உணவு. 'ன்சிமா' என்பது அதன் பெயர். பூசணி இலைக் கீரையோ, அவித்த பயறோ, ஏரியில் பிடித்து உலர்த்திய சிறுமீனோ அதற்குத் தொடுகறி. வேறு எதை வயிறார உண்டாலும், ன்சிமா உண்ணாத நாள் அவர்களுக்கு உண்ணாத நாளே. "மக்காச்சோளமே உயிர்" என்று அங்கு வழக்கில் சொல்வார்கள். இத்தனைக்கும் அது அம்மண்ணின் பழம்பயிர் அன்று. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்த்துக்கீசியர் வழியாக ஆப்பிரிக்காவுக்கு வந்தது. அதற்கு முன்னர் சோளமும் கம்பும் கேழ்வரகும் விளைந்த நிலம் அது. வறட்சியைத் தாங்கும் அப்பயிர்கள் ஒதுங்கிவிட, காலத்தில் மழை கேட்கும் ஒரே பயிரை நம்பி ஒரு நாடே வாழத் தொடங்கியது.

அங்கே மழைக்காலம் ஒன்றே. நவம்பரில் தொடங்கி ஏப்ரலில் ஓயும். முதல் மழையில் விதைப்பு. டிசம்பரிலும் ஜனவரியிலும் களையெடுப்பு. பின்னர் மண் அணைப்பு. பிப்ரவரி இறுதியில் பசுங்கதிர். ஏப்ரல், மே மாதங்களில் அறுவடை. மூங்கிற் பிளாச்சுகளால் பின்னி, கால் நட்டு நிறுத்திய குதிரில் அறுவடைத் தானியம் சேரும். ஐந்தாறு பேர் உள்ள ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் உண்ண, 50 கிலோ மூட்டைகள் 15 முதல் 20 வரையிலாவது வேண்டும். உரமில்லாத ஓர் ஏக்கர் நிலம் அதில் பாதியைத் தந்தாலே பெரிது. ஆகவே பெரும்பாலான வீடுகளில் டிசம்பர் பிறக்கும் முன்னரே குதிர் காலியாகிவிடும். அது முதல் புதுக்கதிர் வரும் வரை உள்ள மாதங்களே அவர்களின் பஞ்ச மாதங்கள்.

நம் ஊரில் பஞ்சம் என்றால் வெடித்த நிலமும் வறண்ட கண்மாயும் நினைவுக்கு வரும். அங்கே அப்படியன்று. மழை பெய்துகொண்டிருக்கும், மலை முழுவதும் பச்சைப் பசேலென்று இருக்கும், வீட்டைச் சுற்றிலும் இளம்பயிர் காற்றில் ஆடும். அதன் நடுவே மக்கள் பசியால் மெலிந்துகொண்டிருப்பார்கள். புதிதாகச் சென்ற நமக்கு இது விளங்கவில்லை. இத்தனை பசுமையில் பசிக்கிறதென்றால், எங்கோ உழைப்பில் குறை இருக்க வேண்டும் என்றே எண்ணினோம்.

நாம் சென்ற ஆண்டு வழக்கத்திலும் கொடியது. 2001ஆம் ஆண்டின் அறுவடை அதற்கு முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மரவள்ளிக் கிழங்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மிகுதியாக விளைந்தன என்ற தவறான மதிப்பீடு அப்பற்றாக்குறையை மறைத்துவிட்டது. அதைவிடப் பெருங்கேடு ஒன்றும் நேர்ந்தது. ஆபத்துக் காலத்துக்கென நாடு சேர்த்து வைத்திருந்த தானியக் கையிருப்பு 2001க்குள் ஏறக்குறைய முழுவதும் விற்கப்பட்டுவிட்டது. கையிருப்பைக் குறைக்குமாறு சர்வதேச நிதியம் கூறியது என்றது அரசு. முழுவதையும் விற்கச் சொல்லவில்லை என்றது நிதியம். எவர் சொன்னது சரியாயினும், களஞ்சியம் காலியாக இருந்தது. ஏழு வளமான ஆண்டுகளில் யோசேப்பு எகிப்தில் தானியம் சேர்த்த வரலாற்றை நாம் ஞாயிறு மறைக்கல்வியில் கற்பித்துக்கொண்டிருந்த நாள்கள் அவை!

சந்தையில் மக்காச்சோளத்தின் விலை சில மாதங்களிலேயே பல மடங்கு ஏறியது. மக்கள் தவிட்டை உண்டனர்; மணி உதிர்த்த கதிர்ச் சக்கையை இடித்து உண்டனர்; வாழைத் தண்டை வேகவைத்து உண்டனர். திருட்டுக்கு அஞ்சிப் பலர் முற்றாத கதிரையே ஒடித்தனர். வாந்திபேதியும் சேர்ந்துகொண்டது. முதியோர் 1949ஆம் ஆண்டுப் பஞ்சத்தை நினைவுகூர்ந்து, இது அதற்கு இளைத்ததன்று என்றனர். 2002 பிப்ரவரி இறுதியில்தான் பேரிடர் அறிவிப்பு வந்தது. இறந்தோர் சில நூறு என்பாரும் உண்டு. சில ஆயிரம் என்பாரும் உண்டு. எண்ணிக் கணக்கிட்டவர் எவரும் இல்லை.

அந்த ஜனவரியில் நம் பணித்தளத்தில் கொஞ்சம் மாவு இருப்பில் இருந்தது. விடுதிப் பிள்ளைகளின் உணவுக்கெனப் பணித்தளத்துக்குச் சொந்தமான ஏழெட்டு ஏக்கர் மக்காச்சோள நிலமும் இருந்தது. பொழுது விடியுமுன்னரே வாசலில் பெண்கள் வந்து அமர்ந்துவிடுவர். இலவசமாகக் கொடுத்தால் இரந்துண்ணும் பழக்கம் வந்துவிடும். உழைத்து உண்ணட்டும் என்று முடிவு செய்தோம். அரைநாள் நம் வயலில் களையெடுத்தால் ஒரு தட்டு மாவு. கூலிக்குப் பிறர் வயலில் செய்யும் இத்தகைய வேலைக்கு அங்கே 'கன்யு' என்று பெயர். அறுபது பெண்கள் வரை வந்தனர். "பசித்தோருக்கு வேலையும் உணவும் ஒருங்கே அளித்து வருகிறோம்" என்று தாய் மறைமாவட்டத்துக்குப் பெருமையுடன் மடலும் எழுதினோம்.

அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர் கைம்பெண். கணவரை எய்ட்ஸ் நோய் கொண்டுபோயிருந்தது. அந்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்குப் பதினைந்து பேரளவில் அந்நோய்க்கு ஆளாகியிருந்த காலம் அது. அரசு இலவச மருந்து கொடுக்கத் தொடங்கியது 2004இல்தான். மூன்று பிள்ளைகள், படுக்கையில் ஒரு தாய். கடைசிப் பிள்ளையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு, நான்கு மைல் நடந்து, ஒரு நாளும் தவறாமல் வருவார். தலை நிமிராமல் வேலை செய்வார். ஒரு நாள் நேரம் கழித்து வந்தார். கண்டிப்பு இருந்தால்தான் ஒழுங்கு இருக்கும் என்பது குருமடத்தில் நாம் கற்ற பாடம். "ஏன் இத்தனை தாமதம்?" என்று கேட்டோம்.

"பம்போ, வழியில் என் வயலைப் பார்த்துக்கொண்டு சற்று நின்றுவிட்டேன்" என்றார். 'பம்போ' என்றால் தந்தை.

வயலைப் பார்க்க ஒரு நேரமா என்று எண்ணி, அன்றைய மாவில் ஒரு கை அளவு குறைத்துக் கொடுத்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரு கைகளையும் சேர்த்து நீட்டி, நன்றி கூறிப் பெற்றுக்கொண்டார்.

ஏப்ரல் மாதத்தில் அவருடைய தாய்க்கு நோயில்பூசுதல் கொடுக்கச் சென்றோம். உபதேசியார் உடன் வந்தார். வீட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை அவரது வயலின் ஊடே சென்றது. இடுப்பளவு உயரத்துக்கு மேல் வளராத, மஞ்சள் பூத்த தட்டைகள்; விரல் நீளக் கதிர்கள். இடையிடையே உலர்ந்த புல். அதனிடையே, மக்காச்சோளத்தின் வேரில் ஒட்டிக்கொண்டு அதன் சத்தை உறிஞ்சி வாழும் செந்நிறப் பூக்களையுடைய களை. "அமாயி, வயலை இப்படி விட்டுவிட்டீர்களே! களை எடுக்கக் கூடாதா?" என்று கேட்டோம். அவர் தரையைப் பார்த்தபடி நின்றார்.

திரும்பும் வழியில் உபதேசியார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் மெல்லச் சொன்னார்: "பம்போ, அவர் களை எடுத்தார். நம் வயலில் எடுத்தார்."

அந்த ஒரு சொல்லில் நமக்கு எல்லாம் விளங்கியது. மக்காச்சோளம் முளைத்த பிறகு முதல் ஐந்தாறு வாரங்களுக்குள் களையெடுத்தாக வேண்டும். அந்நாள்கள் கடந்தபின் எடுத்தாலும் பயனில்லை. களை தின்றது தின்றதுதான். அந்த ஐந்தாறு வாரங்களும் பசியின் உச்ச வாரங்கள். வீட்டில் ஒரு பிடி மாவு இல்லாதபோது, ஏப்ரலில் விளையப்போகும் கதிருக்காகத் தம் வயலில் குனிந்து நிற்க எந்தத் தாயால் இயலும்? அன்றைய மாவுக்காக அன்றைய உழைப்பைப் பிறருக்கு விற்கிறார். விற்ற உழைப்பால் பிறர் வயல் செழிக்கிறது. தம் வயல் களையில் மூழ்குகிறது. அவ்வாண்டு நம் பணித்தளத்து வயல் நன்றாக விளைந்தது. அவருக்குக் கிடைத்தது இரண்டரை மூட்டை. ஆகஸ்டிலேயே அது தீர்ந்துவிடும். அடுத்த ஜனவரியில், முன்னிலும் மெலிந்து, அவர் மீண்டும் நம் வாசலுக்கே வர வேண்டும்.

விதைநெல்லை உண்பவன் எதிர்காலத்தை உண்பவன் என்று நம் ஊரில் பேசிக்கொள்வோம். அவரோ விதையை உண்ணவில்லை. பட்டினி கிடந்து விதைத்துவிட்டார். களையெடுக்க வேண்டிய ஜனவரி மாதத்தையே அவர் விற்க நேர்ந்தது. அதை விலைக்கு வாங்கியவர்களுள் நாமும் ஒருவர். அதற்குத் தருமம் என்று பெயரும் சூட்டியிருந்தோம்.

அன்றிரவு நாம் உறங்கவில்லை. சரேப்தா ஊர்க் கைம்பெண்ணின் பானையில் மாவு குறையாதிருந்த வரலாற்றைப் பலமுறை மறையுரையில் விளக்கியிருக்கிறோம். நம்மிடம் வந்த கைம்பெண்ணின் தட்டிலிருந்து ஒரு கை மாவை எடுத்துவிட்டோம் என்பது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

மறுநாள் உபதேசியாரிடம் யோசனை கேட்டோம். ஆறாம் வகுப்பைத் தாண்டாத அம்முதியவர் ஒரு வழி கூறினார். மாவை டிசம்பர் இறுதியிலேயே கொடுத்துவிட வேண்டும். அதற்கான வேலையை மழையில்லாத ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பெற்றுக்கொள்ள வேண்டும். பள்ளிக்குச் செங்கல் அறுக்கலாம், பாதையைச் செப்பனிடலாம். ஜனவரி மாதம் அவரவர் வயலுக்கே உரியதாக இருக்கட்டும். "வாங்கியவர்கள் ஆறு மாதம் கழித்து வந்து உழைப்பார்களா?" என்று கேட்டோம். "சிலர் வரமாட்டார்கள், பம்போ. வயலில் எல்லாக் களையையும் எடுத்து முடித்த பிறகா அறுவடை செய்கிறோம்?" என்றார்.

அவ்வாறே 2002 டிசம்பரில் செய்தோம். பணித்தளத்து வயலில் நாமும் விடுதிப் பிள்ளைகளும் இறங்கிக் களையெடுத்தோம். கை கொப்பளித்தபோதுதான் அது எத்தகைய வேலை என்பது நமக்கு விளங்கிற்று. ஜூலையில் பெரும்பாலோர் சொன்னபடி வந்தனர், சிலர் வரவில்லை. அக்கைம்பெண் முதல் நாளே வந்து களிமண் மிதித்தார். அவ்வாண்டு அவருக்கு ஒன்பது மூட்டை விளைந்திருந்தது. ஒன்பது மூட்டை ஓராண்டுக்குப் போதாது. ஆனால் பசி வரும் நாளை அது ஆகஸ்டிலிருந்து நவம்பருக்குத் தள்ளியது. அத்தகைய குடும்பத்துக்கு மூன்று மாதம் சிறிய காலம் அன்று.

நம்மால் செய்ய இயன்றது அறுபது குடும்பங்களுக்கு மட்டுமே. நாடு முழுவதற்கும் ஒரு முயற்சியை அந்நாட்டு அரசு 2005இல் தொடங்கியது. அவ்வாண்டும் வறட்சி, அறுவடை 12 இலட்சம் டன் அளவுக்கு வீழ்ந்திருந்தது. சிற்றுழவர்க்கு உரமும் விதையும் பெருமளவு குறைந்த விலையில் கிடைக்கச் சீட்டுகள் வழங்கப்பட்டன. இத்தகைய மானியம் கூடாதென்று உதவி நாடுகள் சில முதலில் தடுத்தன, அரசு கேட்கவில்லை. இங்கும் மாதமே முக்கியம். உரம் வாங்க வேண்டியது நவம்பரில்; உழவன் கையில் காசில்லாததும் நவம்பரில். சீட்டு அந்நேரத்தில் கைக்கு வந்தது. மழையும் துணை நின்றது. 2006இல் விளைச்சல் 25 இலட்சம் டன்னைத் தாண்டியது. 2007இல் 30 இலட்சத்தையும் தாண்டியது. 2006 அறுவடையைக் கண்ணாரக் கண்ட பிறகே நாம் தாயகம் திரும்பினோம்.

அத்துடன் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுத ஆசைதான். தீரவில்லை. மானியத்தின் செலவு அரசின் வருவாயைப் பெரிதும் விழுங்கியது. மண் ஆண்டுக்காண்டு இளைத்தது. குடும்பம் பிரியப் பிரிய நிலம் துண்டானது. 2016இல் வறட்சியால் 65 இலட்சம் பேருக்கு உணவுதவி தேவைப்பட்டது. 2023 மார்ச்சில் பிரெடி புயல் தென்மாவட்டங்களைச் சிதைத்தது. நாம் வாழ்ந்த மலையடிவார ஊர்களில் வீடுகளையும் வயல்களையும் சேறு மூடியது. அதற்கு அடுத்த ஆண்டே வறட்சி. உரம் கொடுத்தால் போதும் என்பாரும், பழைய சிறுதானியங்களுக்குத் திரும்பினால் போதும் என்பாரும் உண்டு. இரண்டிலும் உண்மை உண்டு. ஒன்று மட்டும் போதும் என்பதில் இல்லை.

இனி அவ்விளைஞரின் கேள்விக்கு வருவோம். நம் தந்தையாரும் மானாவாரி உழவரே. வானத்தைப் பார்த்து விதைத்து, வானத்தைப் பார்த்தே கண்ணீர் விட்டவர். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சிக்கு உள்ளானவையாக அறிவிக்கப்பட்டதை நாம் அனைவரும் அறிவோம். அப்போது நம் சிற்றூர்களில் நெற்பயிர் கருகியது, கடன் ஏறியது, மாடுகள் விலைபோயின. ஆயினும் பெரும்பாலான வீடுகளில் உலை கொதித்தது. ஏன்? நாம் மலாவி மக்களைவிட மிகுதியாக உழைத்தோம் என்பதாலா? இல்லை. 2011 முதல் நியாய விலைக் கடையில் குடும்ப அட்டைக்கு விலையில்லா அரிசி கிடைத்து வந்தது. நூறு நாள் வேலையும் ஓரளவு கைகொடுத்தது. விதைக்கும் மாதத்தையும் களையெடுக்கும் மாதத்தையும் அன்றைய சோற்றுக்காக முற்றிலும் விற்றுவிட வேண்டிய நிலை நம் உழவருக்கு நேரவில்லை. நம்மைக் காத்தது அந்த அரிசிதானே தவிர, நம் உழைப்பின் மேன்மை அன்று.

பசித்தவரைப் பார்த்து 'ஏன் உழைக்கவில்லை?' என்று கேட்குமுன், அவர் யார் வயலில் உழைத்துக்கொண்டிருக்கிறார் என்று கேட்க வேண்டும். நமக்கு இதைக் கற்பிக்க ஒரு கைம்பெண்ணின் ஓராண்டு விளைச்சல் பறிபோக வேண்டியிருந்தது.

இவற்றைச் சுருக்கமாகக் கேட்ட அவ்விளைஞர் சற்றுச் சிந்தித்துவிட்டு, "சாமி, நாம் பசித்தோருக்காகத் தவக்காலத்தில்தானே உண்டியல் பிரிக்கிறோம்? அது போய்ச் சேரும்போது அங்கே களையெடுப்பு முடிந்திருக்குமே. திருவருகைக் காலத்திலேயே பிரித்தால் என்ன?" என்றார். இத்தனை ஆண்டுகளில் நமக்குத் தோன்றாத யோசனை! 2024 திருவருகைக் காலத்தில் நம் இளைஞர்கள் அவ்வாறே பிரித்தனர். பெருந்தொகை அன்று. ஆயினும் டிசம்பர் முடியுமுன் நம் பழைய பணித்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்பு வாசகர்களே, உங்கள் வீட்டிலும் வயலிலும் கூலிக்கு வருவோர் இருப்பர். அவர்களுக்கும் ஒரு துண்டு நிலமோ, நோயுற்ற பெற்றோரோ, பள்ளிக்கு அனுப்ப வேண்டிய பிள்ளையோ இருக்கக்கூடும். ஒரு நாள் அவர்கள் தாமதமாக வந்தால், கூலியைக் குறைக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். நாம் கேட்டோம், ஆனால் வந்த பதிலைக் காதில் வாங்கவில்லை.

அந்த அமாயியின் கடைசிப் பிள்ளைக்கு இப்போது இருபத்தைந்து வயதுக்கு மேல் ஆகியிருக்கும். அவர்கள் ஊரைச் சேறு மூடிய பிறகு, அக்குடும்பத்தைப் பற்றிய செய்தி நமக்கு எட்டவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி பிறந்ததும், வயலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவரை நினைத்துக்கொள்கிறோம். அந்த ஒரு கை மாவு இன்னும் நம் கணக்கில் கடனாகவே நிற்கிறது.